கடை மேஜைக்குச் சாயம் ஏற்றிய விவரம்

நகரி,
செவ்வாய்க்கிழமை

என் பிரியத்துக்குரிய மச்சான் பிரபாகருக்கு,

உன் அக்கா புருஷன் நாகபூஷணம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா வள்ளியும் எங்கள் மகள் மோனிகாவும், என் வலது தோள்பட்டை ஒன்று நீங்கலாக, சௌக்கியம். தடாவில் நீயும் உன் மனைவி கல்பனாவும் பிள்ளைகளும் எந்தத் தோள்பட்டையும் நீங்கலில்லாமல் சௌக்கியமாக இருக்கத் திருத்தணி முருகன் துணை இருப்பானாக. போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே பேசுவாய். காகிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. ஆகையால் உட்கார்ந்து முழுக்கப் படிக்கவும்.

நடந்த கதையில் பாதி உனக்குத் தெரியும். மோனிகா தை மாதத்தில் சென்னையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி, வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னாள். ஏன் என்று கேட்டதற்குப் பிடிக்கவில்லை என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நீ அரும்பாடுபட்டுப் பேசி வைத்திருந்த சித்தூர் சம்பந்தக்காரர்கள், வேலைக்குப் போகிற பெண் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். உனக்கு முகம் கறுத்தது. அன்றையிலிருந்து நகரிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாய். எனக்கும் கறுத்தது, ஆனால் நான் இந்த வீட்டிலேயே இருக்க வேண்டியவன், வருவதை நிறுத்த முடியாது, பேசுவதைத்தான் நிறுத்த முடிந்தது. அவள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். நான் உன் அக்காவிடம், ‘அவளுக்கு ரசம் வேணுமான்னு கேளு’ என்பேன். உன் அக்காவும் திரும்பி, ‘உனக்கு ரசம் வேணுமாம்மா’ என்று கேட்பாள். வேண்டாம் என்று அவள் சொன்னதை உன் அக்கா மறுபடி என்னிடம் வந்து சொல்வாள். டிப்போவில் கண்ட்ரோலராக இருந்து பஸ்களை மேய்த்து ஓய்வு பெற்ற எனக்கே தலை சுற்றுகிற போக்குவரத்து அது. அந்தச் சமயத்தில் வீட்டுக்கு யார் வந்து விசாரித்தாலும், பெண்ணுக்குத் திமிர், அதனால் வேலையை விட்டுவிட்டாள் என்று நானே சொன்னேன். நீயும் தடாவில் அதையே சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

பிறகு அவள் திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கிற சந்தில், புடவைக்கடை வைக்கப்போவதாகத் தன் அம்மாவிடம் சொன்னாள், அந்தச் செய்தியும் எனக்கு ரசத்தின் வழியாகவே வந்து சேர்ந்தது. சரக்கு என் தம்பி தனசேகர் தறியிலிருந்து. இடம் கங்கையா என்கிற பெரியவருடையது. அவர் நல்ல மனிதர், தெலுங்குக்காரர், எப்போதும் வெள்ளைச் சட்டை. அவர் சட்டை பற்றிப் பின்னால் எழுதுகிறேன். பாகாலாவில் மூடிப்போன ஒரு மெடிக்கல் ஷாப்பிலிருந்து மோனிகா ஒரு மேஜையை வாங்கி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மேல்பலகை அசல் தேக்கு, ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். ஆனால் நிறம் வெளிறின மஞ்சள், அதன்மேல் முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று பழைய பாலிஷ். இந்த மஞ்சள் மேல் புடவையை விரித்தால் எந்தப் புடவையும் எடுப்பாகத் தெரியாது, காபிக்கொட்டை நிறத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். பேசாமல் ஒரு உபகாரம் செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். பேசுவதைவிட அது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அதற்காகத்தான், சாயம் வார்னிஷ் விஷயம் தெரிந்தவனாயிற்றே என்று உன்னைப் போனில் கூப்பிட்டு, வீட்டு மரத்துக்கு நிறம் ஏற்ற வேண்டும் என்று பொதுவாகச் சொன்னேன். நீயும் மறுநாளே பஸ் பார்சலில் ஒரு டப்பா சாயம் அனுப்பினாய். அதற்கு நன்றி. கூடவே போனில் ஒரு குரல் செய்தி அனுப்பினாய் அல்லவா, ‘ரொம்ப ஈஸி மாமா, பிரஷ்ஷால அடிங்க, துணியால துடைங்க, முடிஞ்சிது’ என்று, அதற்கு நன்றி சொல்ல முடியாது. மேலே பழைய பாலிஷ் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. குற்றத்தை இருவரும் பங்கு போட்டுக்கொள்வோம். மூத்தவன் என்ற முறையில் பெரிய பங்கை உனக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

மோனிகா கடை லைசென்ஸ் விஷயமாகச் சித்தூர் போய்த் தன் சிநேகிதி வீட்டில் தங்கியிருந்த நேரம் பார்த்து, உன் அக்காவையும் அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் திருப்பதி போய் ஷட்டரைத் தூக்கினேன். டப்பாவைத் திறந்து, நன்றாகக் கலக்கி, பயபக்தியோடு முதல் பட்டை அடித்தேன். சாயம் பலகையில் இறங்கவில்லை. சேப்பங்கிழங்கு இலைமேல் தண்ணீர் ஓடுவது மாதிரி முத்து முத்தாகத் திரண்டு அங்கங்கே நின்றது. கொஞ்ச நேரம் விட்டு, நீ சொன்னபடி துணியால் துடைத்தேன். அவ்வளவும் துணியோடு வந்துவிட்டது. துணி நல்ல காபிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது, பலகை மஞ்சளாகவே இருந்தது. நான் விடுவதாக இல்லை. துடைப்பதனால்தானே போகிறது, துடைக்காமல் விட்டால் என்ன என்று யோசித்து, கெட்டியாக இன்னொரு முறை பூசி அப்படியே விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். நிறம் பிரமாதமாக இருந்தது. உன் அக்காவே பார்த்துவிட்டு, ‘பரவால்லியே’ என்றாள். அவளிடமிருந்து அந்த வார்த்தை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது அவளோடு பிறந்த உனக்குத் தெரியும்.

மறுநாள் போய்த் தொட்டுப் பார்த்தால் வெல்லப்பாகு மாதிரி விரல் ஒட்டுகிறது. காற்றுக்குக் காயும் என்று மின்விசிறியைப் போட்டேன். மேலே படிந்திருந்த தூசு முழுக்க இறங்கிப் பலகையில் உட்கார்ந்தது. தூசு விழாமலிருக்கத் தெலுங்குப் பேப்பரை விரித்து மூடினேன். இதில் எந்த முடிவும் தனியாகப் பார்த்தால் தவறு இல்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். அதற்கடுத்த நாள் பேப்பரை எடுத்தபோது அது பாதிதான் வந்தது. அச்சு முழுக்கப் பலகையில் இறங்கியிருந்தது. சாயம் இறங்காத பலகையில் பேப்பர் எப்படி இறங்கியது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மேஜையின் நட்ட நடுவில், வாடிக்கையாளர் வந்து நிற்கிற இடத்தில், ஒரு வயதான அம்மாளின் முகம். கண்ணீர் அஞ்சலி விளம்பரம். எழுத்தெல்லாம் இடவலம் மாறி விழுந்திருந்தது. காலமெல்லாம் பஸ் போர்டில் தெலுங்கு படித்தவன் என்பதால் கூட்டிக் கூட்டிப் படித்தேன். லட்சுமம்மா என்று பேர். குடும்பத்தின் விளக்கு அணைந்தது என்று பிள்ளைகளும் மருமகள்களும் போட்டிருந்தார்கள்.

நான் ஒரு துணியைத் தின்னரில் நனைத்துக்கொண்டு வந்தேன். உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யாரோ பெத்தவங்க. அழுக்குத் துணிய மூஞ்சில போட்டுத் தேய்க்காதீங்க.”

அழுக்குத் துணி வேண்டாம் என்றால் வேறு எந்தத் துணி என்று நான் கேட்டேன். கடையில் இருப்பது தனசேகர் நெய்த புதுப் புடவைகள்தான். அவள் தன் தலையிலிருந்த பூவில் கொஞ்சம் கிள்ளி அந்த முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பூவும் ஒட்டிக்கொண்டது. நாங்கள் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கும்போது, கல்யாணத்துக்குப் போகிற வழியில் கங்கையா உள்ளே வந்தார். வெள்ளைப் பட்டுச் சட்டை. முகத்தைப் பார்த்ததும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, உங்கள் அம்மாவா என்று தெலுங்கில் மெதுவாகக் கேட்டார். இல்லீங்க, பேப்பரில் வந்தவங்க என்று உன் அக்கா சொன்னாள். யாராக இருந்தாலும் போனவர்கள் போனவர்கள்தானே என்று அவர் கை கூப்பினார். பிறகு கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, பேரைப் படிப்பதற்காகக் குனிந்து, இரண்டு முழங்கையையும் மேஜைமேல் ஊன்றினார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஊன்றிவிட்டார். நிமிர்ந்தபோது அவர் நிமிர்ந்தார், சட்டை நிமிரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்தோம். சட்டைக் கை இரண்டிலும் தோசைக்கல் அளவுக்குக் காபிக்கொட்டை நிறம், ஒரு கையில் விளம்பரத்தின் கீழ் வரியும் வந்திருந்தது. பெரிய மனிதர், ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. கையை மடித்து மடித்துத் தோள்வரை ஏற்றிக்கொண்டு, “இங்கா ஆரலேதா சார்?” என்று மட்டும் கேட்டார். இன்னும் காயவில்லைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் மோனிகா வந்தாள். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம், சித்தூரிலிருந்து நேராக இங்கே வந்துவிட்டாள். வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். தோள்வரை சட்டையை மடித்த கங்கையாவை, பழுப்புக் கையோடு நிற்கிற என்னை, பூ வைத்த முகத்தை. தன் அம்மாவிடம்தான் கேட்டாள்.

“யாரும்மா இவங்க?”

“லட்சுமம்மா” என்றாள் உன் அக்கா.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை கடைதிறப்பு, அழைப்புப் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, மேஜை இந்த நிலையில் இருக்கிறது. அவள் பையை வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்து, சாயம் படாத ஓரத்தில் ஒரு சொட்டு விட்டாள். அது உருண்டையாக அப்படியே நின்றது.

“பாரு நைனா. தண்ணியே உள்ள போவல. பழைய பாலிஷ் மூடிக்கினு கீது. அத எடுக்காம மேல எத்தினி வாட்டி அடிச்சாலும் சாயம் எங்க போவும்?”

அவள் சொன்ன காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. முதலில் காதில் விழுந்தது நைனா என்ற வார்த்தைதான். தை மாதத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. நான் உன் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன், பழக்கதோஷம். உன் அக்கா கங்கையாவை வழியனுப்புகிற சாக்கில் வெளியே போய்விட்டாள்.

முதலில் லட்சுமம்மாளை வழியனுப்பினோம். மோனிகா ஒரு புது வெள்ளைத் துணியைக் கிழித்து நனைத்து, சுற்றியிருந்த எழுத்துகளை முதலில் துடைத்து, முகத்தைக் கடைசியில் ஒரே இழுப்பில் எடுத்தாள். துணியைக் குப்பையில் போடாமல் மடித்துத் தனியே வைத்தாள். பிறகு மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஆளுக்கொரு முனையில் உப்புத்தாளை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தோம். அந்தப் பாலிஷ் லேசில் போகிற ஜாதி இல்லை. மாவு மாவாக வெள்ளைத் தூள் வந்தது. அது நின்று மரத்தூள் வருகிறவரை தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கீழே உயிருள்ள மரம் தெரிந்தது. என் தோள்பட்டை போனது அங்கேதான். இரண்டு பேரும் எதிரெதிராகத் தேய்த்து நடுவில் சந்திக்கிற சமயத்தில், நிமிர்ந்து பார்க்காமலே அவள் சொன்னாள்.

“நான் வுடல நைனா.”

எதை என்று கேட்டேன்.

“வேலைய. அவங்கதான் என்ன வேணாம்னுட்டாங்க. எங்க டீமையே எடுத்துட்டாங்க. காலைல மெயில் வந்துது, மத்தியானம் லேப்டாப்ப வாங்கிக்கினாங்க.”

பிரபாகர், நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏதாவது பேச வேண்டும். ஒரே இடத்தில் வெகுநேரம் தேய்த்திருக்கிறேன். அந்த இடத்தில் கையை வைத்தால் இப்போதும் ஒரு பள்ளம் தெரியும். அப்புறம், விட்டுவிட்டேன் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். ஊரெல்லாம் உன்னைத் திமிர் பிடித்தவள் என்று பேசினோமே, நானே பேசினேனே, அதை ஏன் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

“பாவம்னு சொல்றதுக்குத் திமிருன்னு சொன்னா தேவல நைனா” என்றாள்.

கைக்குட்டைக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. தூசு என்று நினைத்துக்கொண்டேன். என் கண்ணிலும் அதே தூசுதான். அவள் தலையைத் தொட வேண்டும் என்று இருந்தது; கையெல்லாம் பழுப்புச் சாயம். முழங்கையால் அவள் தோளை இடித்தேன். அவளும் திருப்பி இடித்தாள். எங்கள் சமாதானப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். பிறகு அந்த மூலையில் இன்னும் பாலிஷ் இருக்கிறது பார் என்று அவள் அதட்ட, நான் அந்த மூலைக்குப் போனேன்.

அன்று சாயங்காலமே அவள் தன் அம்மாவிடமும் சொன்னாள். உன் அக்கா கம்பெனியைத் திட்டவில்லை, ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்துவிட்டு, “அவங்க அப்டி சொன்ன அன்னிக்கு, மத்தியானம் சோறு துன்னியாம்மா?” என்று கேட்டாள். இல்லை என்று மோனிகா தலையாட்டினாள்.

மற்றது சுருக்கமாக. சாயத்தைப் பலகையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் தடவிப் பார்த்து, நிறம் சரியென்று தெரிந்த பிறகு, மேலே மெல்லிசாக ரேகை ஓடுகிற போக்கிலேயே தடவி உடனே துடைத்தோம். இந்தத் தடவை துணிக்குப் போனது கொஞ்சம், மரம் குடித்தது மிச்சம். தேக்கின் ரேகை ஒவ்வொன்றும் எழுந்து வந்தது. அது நன்றாகக் காய்ந்தபின் நிறமில்லாத வார்னிஷ் ஒரு கை, காயவிட்டு, உப்புத்தாளால் லேசாக ஒரு தடவு தடவித் தூசைத் துடைத்து, மறுபடி ஒரு கை. நடுவில் காய்கிற நேரமெல்லாம் நானும் அவளும் ஒரே சீட்டில் உட்கார்ந்து நகரிக்கும் திருப்பதிக்கும் போய்வந்தோம். புத்தூரில் டீ குடித்தோம். எந்தெந்தப் புடவையை மேலே வைப்பது, எதை உள்ளே வைப்பது என்று என்னிடம் கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்த மாதிரி சொன்னேன். அவளுக்கும் அது தெரியும், கேட்டுக்கொண்டாள். நேற்று நீலப் புடவை ஒன்றை அந்த மேஜைமேல் விரித்தாள். பிரபாகர், நீயே வந்து பார். கங்கையா வந்து பார்த்துவிட்டு முதலில் ஒரு விரலை மட்டும் வைத்து, பிறகு உள்ளங்கையை வைத்து, கடைசியில் முழங்கையை ஊன்றினார். சட்டை நிமிர்ந்தது.

இதை உனக்கு எழுதும்படி சொன்னது அவள்தான். மாமாகிட்ட நீயே சொல்லிடு நைனா, எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்றாள். ஆகையால் சம்பந்தம் போனது அவள் குற்றமில்லை என்று தெரிந்துகொண்டு, பழையதை இத்தோடு விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் குடும்பத்தோடு வந்து சேரவும். தாய்மாமன் நீ தேங்காய் உடைக்காமல் ஷட்டர் ஏறக்கூடாது என்பது உன் அக்காவின் உத்தரவு. எங்களுக்குள் இப்போது எந்த மனஸ்தாபமும் கிடையாது, ரசம் நேராகவே பரிமாறப்படுகிறது. கல்பனாவுக்கு எங்கள் அன்பு, குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உனக்கு, குற்றத்தில் பெரிய பங்கைக் கழித்துக்கொண்டு, மிச்சமிருக்கிற என் ஆசீர்வாதம் முழுவதும்.

இப்படிக்கு,
உன் மாமா
நாகபூஷணம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. சற்று முன் பெங்களூரிலிருந்து யாரோ கம்பெனிக்காரர்கள் மோனிகாவைக் கூப்பிட்டு, வருகிற மாதமே வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முன்னதைவிடப் பெரிய வேலையாம். கடையை நைனாவும் சித்தப்பாவும் பார்த்துக்கொள்ளட்டும், நான் போகிறேன் என்கிறாள். நான் கூடாது என்று சொல்லிவிட்டேன். இப்படியொரு மேஜையை வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணாவது வேலைக்குப் போவாளா என்று கேட்டேன். வேலைக்குப் போகவில்லை என்று திட்டினதும் நீதானே என்று கேட்டாள். அது வேறு, இது வேறு என்றேன். அது முதல் நாங்கள் இருவரும் பேசுவதில்லை. இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை எங்கே என்று கேட்டதற்குக்கூட உன் அக்கா வழியாகத்தான் பதில் வந்தது. எனவே சமாதானம் ஆன பகுதிகளை மட்டும் தள்ளிவிட்டு மற்றதைப் படித்துக்கொள்ளவும். வெள்ளிக்கிழமைவரை காத்திராமல் உடனே புறப்பட்டு வா. யார் பக்கம் பேசுவது என்பதைப் பஸ்ஸிலேயே தீர்மானித்துக்கொள். இறங்கிய பின் உன் அக்கா அதற்கு அவகாசம் கொடுக்க மாட்டாள்.